நல்லெண்ணெய் குடித்த சைக்கிள்

ஒரு மலைச் சைக்கிள் பந்தயத்தையே ஜெயிக்க வைத்தவள் நான் என்று ஐந்தாம் வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் எங்கள் வீட்டு மாடி அறையை அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். சாவியோடு ஒரு சின்ன பாட்டில் நல்லெண்ணெயும் அம்மா கொடுப்பாள். எண்ணெய் தேய்க்காமல் அருவியில் போய் நிற்பதை எங்கள் ஊரில் யாரும் குளியல் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த ஆண்டு வந்தவர் அருவிக்கு வரவில்லை. கோத்தகிரியிலிருந்து, வேன் கூரையில் ஒரு சைக்கிளைக் கட்டிக்கொண்டு, தன்னந்தனியாக ஓர் அக்கா வந்து இறங்கினாள். ஐந்தருவிக்கு மேலே ஒரு தனியார் தோட்டத்தில் பந்தயம். உச்சியிலிருந்து பாறை, வேர், சகதி எல்லாவற்றின் மேலும் ஒவ்வொருவராக இறங்க வேண்டும். சீக்கிரம் இறங்குகிறவர் வென்றவர்.

அந்தச் சைக்கிளைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தையின் தொடை மொத்தத்துக்கு டயர். கைப்பிடியை அழுத்தினால் முன்பக்கம் மெத்தென்று இறங்கி ஏறும். எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, இலத்தூரிலிருந்து வந்திருந்தார். சைக்கிள் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அவருக்கு. வண்டியைச் சுற்றி வந்து ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை என்று விரல் மடக்கினார். “இதுல ஒரு வாழத்தாரு கொண்டு போக முடியுமாட்டி?” என்று என்னிடம் கேட்டார். முடியாதுதான். ஆனாலும் எனக்குக் கோபமாக வந்தது.

அக்கா என்னை விரட்டவில்லை. வண்டி துடைக்கும்போது பக்கத்தில் உட்கார விட்டாள். சட்டைக் காலரை விலக்கி ஒரு நீளத் தழும்பைக் காட்டினாள். போன வருஷம் இதே தோட்டத்தில், பலாமரத்து வளைவில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்ததாம். வீட்டில் இனி சைக்கிளைத் தொடாதே என்று சொல்லிவிட்டார்களாம்.

“ஜெயிக்கிறது அப்புறம். அந்த வளைவை விழாம தாண்டணும். இல்லேன்னா இதோட விட்டுடுவேன்” என்றாள்.

அந்த நிமிஷமே அவள் பந்தயம் என் பந்தயம் ஆகிவிட்டது.

மாலையில் சாரலில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். எங்கள் வாசலில் பிரேக் பிடித்தபோது வண்டி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது. நனைந்தால் அப்படித்தான் கத்தும் என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்குப் போனாள். மாமா என்னிடம் தனியாகச் சொன்னார்: “வண்டி எண்ணெ கேக்குது. கேட்டா குடுக்கணும்லா.”

எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறது, இந்த வண்டி மட்டும் என்ன பாவம் செய்தது? மறுநாள் காலையில் அக்கா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவின் பாட்டில் ஒன்றை எடுத்துப்போய், பின்சக்கரத்தின் நடுவில், கூச்சல் போட்ட அந்த வட்டத் தகட்டில், பிள்ளைக்குத் தலை தேய்ப்பதுபோல் அரக்கித் தேய்த்தேன். பாட்டில் காலி. முன்சக்கரத்துக்கு இன்னொன்று எடுக்கப் போனபோது, சட்னி கொண்டு வை என்று அம்மா கூப்பிட்டாள்.

பலாமரத்து வளைவுக்கு நானும் மாமாவும் முதல் ஆளாகப் போய் நின்றோம். எப்பேர்ப்பட்ட ஆட்களெல்லாம் வந்தார்கள்! கொல்லம் பக்கத்துக்காரர் ஒருவர் பெடலில் எழுந்து நின்று வந்தார். கீழே வண்டி துள்ளியது, மேலே அவர் தலை ஆடவில்லை. பெங்களூர் பையன் ஒருவன் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் வீசித் திருப்பியதில் மாமாவின் வெள்ளை வேட்டி சகதியாகிவிட்டது. மாமா திட்டவில்லை, கை தட்டினார். இரண்டு பேர் விழுந்து எழுந்தார்கள். வளைவு வந்ததும் எல்லார் வண்டியும் வீறிட்டது. என் அக்கா வண்டி வீறிடாது என்று எனக்குத் தெரியும்.

ஒலிபெருக்கியில் அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். மேலே ஏதோ துணி கேட்டாளாம், வண்டியைத் துடைக்கிறாளாம் என்று யாரோ சொன்னார்கள். பயந்துவிட்டாள் போல என்றார் மாமா. இல்லவே இல்லை என்று அவர் கையில் கிள்ளினேன்.

அப்போது வந்தாள். சத்தமே இல்லை. மற்றவர்கள் போன தடத்தை விட்டுவிட்டு, வளைவின் வெளிப்பக்க மண்மேட்டில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறினாள். கைப்பிடி புல்லைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்தாள். எலும்பு முறிந்த அதே இடத்துக்கு மேலே ஒரு அரைவட்டம் அடித்து இறங்கி, பலா வேரில் எம்பி, இரண்டு சக்கரமும் அந்தரத்தில் நிற்க எங்களைத் தாண்டிப் போனாள். சூடான நல்லெண்ணெய் வாசம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

“ஏட்டி, பிரேக்கே பிடிக்காமல்லா போறா!” என்றார் மாமா. கூட்டம் விசிலடித்தது. நான் கத்திய கத்தில் இரண்டு நாள் குரல் இல்லை.

பெண்களில் அவள்தான் முதல். நாங்கள் அடிவாரத்துக்கு ஓடினோம். வண்டியைச் சரிபார்க்கும் ஆள் பின்சக்கரத்தை முகர்ந்து பார்த்து, இதில் எண்ணெய் போட்டது யார் என்று கேட்டார்.

“நாந்தான்” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் வாயைத் திறந்தார். அக்கா இடது கையைக் காட்டி அவரை அடக்கினாள். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு, கழுத்தில் கிடந்த பதக்கத்தைக் கழற்றி எனக்குப் போட்டாள். “அடுத்த தடவை என்னைக் கேட்டுட்டுப் போடு, என்ன?” என்றாள். டீ வந்தது. தம்ளர் அவள் வலது கையில் நிற்கவில்லை, பாதி சிந்தியது. நான்தான் பிடித்துக்கொண்டு ஊட்டிவிட்டேன். சாரலில் நனைந்த குளிர் என்று நினைத்தேன்.

பல வருஷம் கழித்து, தென்காசியில் எனக்கென்று ஒரு மலைச் சைக்கிள் வாங்கினேன். கடைக்காரர் சக்கரத்துத் தகட்டைத் தொட்டுக் காட்டி, “இதுல மட்டும் எண்ணெ பட்டுறக் கூடாது தாயி. பட்டுச்சுன்னா பிரேக் சுத்தமா பிடிக்காது” என்றார். நான் குனிந்து அந்தத் தகட்டை முகர்ந்து பார்த்தேன்.

அம்மா மட்டும் அன்று சட்னிக்குக் கூப்பிடாமல் இருந்திருந்தால்! பின்பிரேக் செத்துவிட்டது என்று மலை உச்சியிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இறங்கியிருக்கிறாள், தோளை முறித்த அந்த வளைவு வழியாக, முன்பிரேக் ஒன்றை மட்டும் நம்பி. அந்தப் பிரேக் வலது கையில் இருக்கும், டீத் தம்ளர் நிற்காத அந்தக் கையில்.