ஐரின் டீச்சரின் வெப்பநிலை குறித்துப் பங்குமக்கள் எடுத்த முடிவு

ஐரின் டீச்சருக்கு வயது ஐம்பத்தொன்று. ஆனையூரில் வீடு, மதுரை நகருக்குள் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். இருபத்தாறு வருடமாகப் பத்தாம் வகுப்பு தவிர வேறு வகுப்புக்கு அவர் போனதில்லை. அவர் இல்லாவிட்டால் பத்தாம் வகுப்பு கணக்கில் பாஸாகாது என்பது பள்ளியில் நிலவும் நம்பிக்கை. அதைப் பரப்பியதே டீச்சர்தான் என்று சொல்வோரும் உண்டு. ஆதாரம் கிடைக்கவில்லை.

கணவர் தனிஸ்லாஸ் தல்லாகுளத்துப் பக்கம் நீதிமன்ற எழுத்தர். மனுக்களுக்கு நடுவிலேயே வாழ்ந்து பழகியதால் பசிக்கிறது என்பதைக்கூட முன்வரலாறு இல்லாமல் சொல்ல வராது. "காலையில ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேங்கறது உனக்கே தெரியும். பதினோரு மணிக்கு ஒரு டீ. ஆகவே..." என்று தொடங்குவார். மற்றபடி நல்ல மனிதர். நடந்த எல்லாவற்றுக்கும் அந்த நல்ல மனசுதான் காரணம்.

டீச்சருக்கு மாதவிலக்கு நின்று பதினாறு மாதம் ஆகியிருந்தது. நின்றதில் வருத்தமில்லை, விட்டது தொல்லை என்றுதான் இருந்தார். சூடு அதன் பிறகு வந்தது. நெஞ்சிலிருந்து ஓர் அனல் கிளம்பிக் கழுத்து, கன்னம், காது என்று ஏறும். ஐந்து நிமிடத்தில் சேலை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஐந்து நிமிடத்தில் குளிரும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. தூக்கம் போயிற்று. டீச்சர் ஃபேனை ஐந்தில் வைத்தார். தனிஸ்லாஸ் தை மாதக் குளிரில் கம்பளிக்குள் போனார்.

"சித்திரை வந்துட்டா மதுரையில எல்லாருக்குமே இப்படித்தான ஐரின்" என்று உள்ளிருந்து ஆறுதலும் சொன்னார். அதற்கு டீச்சர் சொன்ன பதிலை இங்கே எழுதுவதற்கில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் வகுப்பில் தேல்ஸ் தேற்றம். முக்கோணம் வரைந்தாயிற்று. இணைகோடு போடவேண்டிய இடத்தில் அனல் வந்தது. அனல் இறங்கியபோது தேற்றமும் கூடவே போயிருந்தது. சாக்பீஸோடு நின்றார். முப்பத்தெட்டு பிள்ளைகளும் மரியாதையாகக் குனிந்து நோட்டைப் பார்த்தார்கள். ஒரு பிள்ளையாவது சிரித்திருந்தால் டீச்சர் தாங்கியிருப்பார்.

தலைமை ஆசிரியையான சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். "ஜூன்லருந்து பத்தாம் வகுப்ப ஜெஸிகிட்ட குடுத்துருவோமா டீச்சர்? நீங்க லைப்ரரியப் பாத்துக்கங்க. அங்க ஃபேன் நல்லா ஓடும்."

ஜெஸி டீச்சருக்கு இருபத்தொன்பது வயது. லைப்ரரி என்பது, ஓய்வு பெறும் வயது வராமலே ஓய்வு பெற்றவர்களை அந்தப் பள்ளியில் வைக்கும் இடம்.

"பரீட்சை முடியட்டும் சிஸ்டர், சொல்றேன்" என்றார் ஐரின். வீட்டுக்கு வந்துதான் அழுதார். "கணக்கு எடுக்கலன்னா நான் அங்க எதுக்குங்க?"

தனிஸ்லாஸால் அதைத் தாங்க முடியவில்லை. மறுநாளே பங்குக் கோயில் அலுவலகத்துக்குப் போய்ப் பூசைக்கு வேண்டுதல் கருத்து எழுதிக் கொடுத்தார். எல்லாரும் கொடுப்பதுதான். 'இன்னாரின் உடல்நலத்துக்காக' என்று ஒரு வரி. பூசைக்கு முன் உபதேசியார் மைக்கில் வாசிப்பார். தனிஸ்லாஸ் இரண்டு பக்கம் எழுதினார். உபதேசியாரோ கொடுத்த தாளில் ஓர் எழுத்தையும் விடாத நேர்மையாளர். தவக்காலத்தின் முதல் ஞாயிறு, கோயில் நிறைந்த கூட்டம்.

"ஆனையூரில் வசிக்கும் தனிஸ்லாஸ் ஆகிய என்னுடைய மனைவி ஐரின் என்பவருக்கு, வயது ஐம்பத்தொன்று, சுமார் பதினாறு மாதங்களுக்கு முன் மாதவிலக்கு முற்றிலும் நின்றுபோனதைத் தொடர்ந்து, நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை உடற்சூடும், வியர்வையும், காரணமற்ற கோபமும் ஏற்பட்டு, அதன் விளைவாக மேற்படி கணவராகிய நானும் பாதிக்கப்பட்டு வருகிறபடியால்..."

பீடத்தில் நின்ற சாமியார் தரையை ஆராய்ந்தார். ஐரின் டீச்சருக்குக் கணக்கில் வராத பதின்மூன்றாவது அனல் அடித்தது.

ஸ்கூட்டர் வீடு வந்து சேர்ந்தது. வீட்டு வாசலில் டீச்சர் கேட்டார்: "அம்புட்டும் எழுதுனீங்களே, என் ரத்த குரூப்ப மட்டும் ஏன் விட்டீங்க?"

தனிஸ்லாஸ் யோசித்தார். "அது இந்த மனுவுக்குத் தேவையில்லையே."

அந்த வாரம் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். வழக்கமாகப் பத்துப் பேர் வருவார்கள். அன்று முப்பது பேர். ஜெபம் பத்து நிமிடத்தில் முடிந்தது. மீதி ஒரு மணி நேரம் ஐரின் டீச்சரின் கருப்பை பற்றி ஆழ்ந்த விவாதம். அன்பியத் தலைவி தெரசா அக்கா கருப்பைக்கு வலு என்று பாத்திரம் நிறைய உளுந்தங்களி கொண்டுவந்திருந்தார்.

"டாக்டர்கிட்ட ஹார்மோன் மருந்து பத்திக் கேக்கலாம்னு இருக்கேன்க்கா" என்றார் ஐரின்.

"அம்மாடி, அது கேன்சரக் கொண்டாந்துரும். போட்ட அம்புட்டுப் பேருக்கும் வருது."

"அம்புட்டுப் பேருன்னா எத்தன பேருக்கா?"

"செல்லூர்ல ஒரு பொம்பளைக்கு வந்துச்சு."

"அவுக ஹார்மோன் போட்டாகளா?"

"அது தெரியாது. ஆனா வந்துச்சுல்ல."

இந்த ஆராய்ச்சியின் அடிப்படையில் ஹார்மோன் வேண்டாம் என்று ஏகமனதாக முடிவானது. தனிஸ்லாஸ் அதைத் தேதியிட்டு எழுதி வைத்தார். சம்பந்தப்பட்டவரின் கையெழுத்தை வாங்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

சம்பந்தப்பட்டவர் மறுவாரம் தல்லாகுளத்தில் டாக்டர் ஃபர்ஹாவின் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார். ஃபைலோடு பக்கத்தில் தனிஸ்லாஸ். ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, மார்பகப் படம் எல்லாம் எடுத்தாயிற்று. குடும்பத்தில் யாருக்காவது மார்புப் புற்றுநோய் உண்டா, ரத்தம் உறைந்ததுண்டா, ஈரல் கோளாறு உண்டா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை.

"கேன்சர் வரும்னு சொல்றாங்க டாக்டர். எனக்கு நம்பர் வேணும்" என்று டீச்சர் நோட்டைப் பிரித்தார்.

"உங்க வயசுல ஆயிரம் பேர எடுத்துக்கங்க. அஞ்சு வருஷத்துல, ஹார்மோன் போடாமலே இருபத்து மூணு பேருக்குக் கிட்ட மார்புல வருது. ரெண்டு ஹார்மோன் மருந்தும் சேத்துப் போட்டா இன்னும் ஒரு நாலு பேர் கூடும். இது வெளிநாட்டுக் கணக்கு. நம்ம ஊருக்கு இம்புட்டுத் துல்லியமா எங்ககிட்ட இல்ல."

டீச்சர் எழுதிக்கொண்டார்.

"தோல்ல தடவுற ஜெல்லும், கருப்பை இருக்கறதால கூட ஒரு மாத்திரையும் தரலாம். ஜெல்லுல ரத்தம் உறையுற பயம் கம்மி. ஹார்மோன் இல்லாத மாத்திரையும் இருக்கு, அம்புட்டுக் கேக்காது. எது எடுத்தாலும் வருஷா வருஷம் பாக்கணும். நடுவுல ரத்தப்போக்கு இருந்தா உடனே வந்துரணும்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த நாலுல நீங்க இருக்க மாட்டீங்கன்னு நான் சொல்ல முடியாது."

"சொல்லியிருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன்" என்றார் டீச்சர்.

தனிஸ்லாஸ் ஃபைலை மூடினார். "டாக்டரம்மா, ஒரு மாசம் வாய்தா கெடைக்குமா?"

"உங்களுக்கா, அவங்களுக்கா?"

டீச்சர் நோட்டில் அந்த நாலைச் சுற்றி வட்டம் போட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பயமில்லாமல் இல்லை. ஆனால் ஆயிரத்துக்கு நாலு என்பது பார்த்துப் பயப்படக்கூடிய பயம், அளவு உண்டு. குனிந்த முப்பத்தெட்டு தலைகளுக்கு அளவில்லை.

"எழுதிக் குடுங்க டாக்டர்" என்றார்.

முதல் மூன்று வாரம் மார்பில் கொஞ்சம் வலி. அனல் அதே பன்னிரண்டு. தனிஸ்லாஸ் மேல்முறையீட்டுக்குத் தயாரானார். ஒரு பேனாவும் வாங்கினார். ஐந்தாவது வாரம் ஏழானது. மே மாதம், ஊரே வெந்துகொண்டிருக்க, டீச்சருக்கு இரண்டு. இரவில் தூங்கினார். குறட்டை வேறு விட்டார். அது பற்றித் தனிஸ்லாஸ் எந்த அலுவலகத்திலும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

"எல்லாம் நம்ம உளுந்தங்களிதான்" என்று தெரசா அக்கா அன்பியத்தில் அறிவித்தார்.

"களி நல்லாத்தான் இருந்துச்சுக்கா, அதையும் விடல" என்றார் ஐரின். சண்டை போடுகிற அளவுக்கு அவரிடம் இப்போது சூடு இல்லை.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்தினம் சிஸ்டரின் அறைக்குப் போனார். "பத்தாம் வகுப்ப நானே எடுக்கறேன் சிஸ்டர். வருஷா வருஷம் என்னைய டாக்டர் பாப்பாங்க. பிள்ளைகளுக்கு என் கணக்கு புரியலன்னா, அன்னைக்கே நீங்க சொல்லுங்க, ஜெஸிகிட்ட குடுத்துர்றேன்."

சிஸ்டர் கால அட்டவணையை எடுத்து ஜெஸியின் பெயரை அடித்து ஐரின் என்று எழுதினார். எழுதியவர் நிமிர்ந்து கவலையாகப் பார்த்தார். "லைப்ரரிக்கு யாரப் போடறது? விளையாட்டு டீச்சருக்கு முட்டி வலியாம். அவங்கள..."

"வேணாம் சிஸ்டர். முதல்ல டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க" என்றார் ஐரின் டீச்சர்.