எல்லோரும் இருந்த புத்தகம்

விழுப்புரத்தில் போட்டோ ஸ்டுடியோவே கிடையாதா என்பதுதான் எங்கள் வீட்டில் முதலில் எழுந்த சந்தேகம். கிளப்பியவர் அம்மா. திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. பாஸ்போர்ட்டுக்கு, வரன் பார்ப்பதற்கு என்று கிளியனூர், கோட்டக்குப்பத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் வரன் படம் எடுத்துக் கொடுத்த அத்தைக்கு முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அதனால் அவரிடம் யார் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினாலும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூக்கு வியர்த்துவிடும்.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணமான விழுப்புரத்துக்காரர் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் போடுகிறவர். ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில் அவசரமாகப் படம் தேவைப்பட்டு அத்தையிடம் எடுத்துக்கொண்டார். மற்ற ஸ்டுடியோக்களில் அவருடைய அம்மைத் தழும்புகளைக் கம்ப்யூட்டரில் துடைத்து, முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆக்கிவிடுவார்களாம். அத்தை இருந்தபடியே விட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்த மனிதர் மாதம் தவறாமல் பஸ் ஏறி வர ஆரம்பித்தார்.

"ஒரு மனுசனுக்கு எத்தினி பாஸ்போர்ட் போட்டோங்க வேணும்?" என்று அம்மா அப்பாவைக் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டுடியோவில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுத வேண்டும் என்று எனக்கு உத்தரவானது. எட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் வேவு பார்ப்பது. நான் கண்டுபிடித்ததெல்லாம் அவர்கள் இருவரும் டீ குடித்தபடி ஊரார் மூக்கையும் தாடையையும் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள் என்பதுதான்.

"எந்த மூஞ்சியப் பாத்தாலும் அதுல இருக்கற கோணல்தான் பாப்பா எனக்கு மொதல்ல தெரியும்," என்று விழுப்புரத்துக்காரர் ஒருநாள் என்னிடம் சொன்னார். நான் உடனே வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் அத்தை சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தார். ஸ்டுடியோ பூட்டியிருந்ததால் கூரியர்காரர் அத்தை பேருக்கு வந்த பார்சலை வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போனார். வாங்கிய அப்பாவே அதைப் பிரித்தார். விழுப்புரத்துக்காரர் வரைந்த கேலிச்சித்திரங்களின் புத்தகம். முதல் பக்கத்தில் பேனாவால், "என் முகத்தைத் திருத்தாத தோழிக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"தோழியாமே!" என்றார் அப்பா. அத்தையின் படம் மட்டும் இதில் இருந்துவிட்டால் இன்றோடு ஸ்டுடியோவை மூட வேண்டியதுதான் என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். அங்கே அத்தை தட்டில் கை வைத்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

பக்கம் பக்கமாகத் தேடினோம். அப்பா இருந்தார், தொப்பையை முன்னால் அனுப்பிவிட்டுப் பல் குத்திக்கொண்டு பின்னால் வந்தபடி. ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்ட இரண்டு பெரிய காதுகளுக்கு நடுவே அம்மா இருந்தார். முன்பல் இரண்டும் நோட்டைத் தொடும்படி வீட்டுப்பாடம் எழுதும் சிறுமி யாரென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர் என்று ஊரே இருந்தது. எங்களையெல்லாம் எப்போது இப்படிப் பார்த்து வைத்தாரோ!

அத்தை மட்டும் இல்லை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து புரட்டினார். இல்லவே இல்லை. தொப்பைக்காக வந்த கோபம்கூட அவருக்குப் போய்விட்டது.

"மனசுல எதுனா இருந்தா ஒரு படமாவது போட்டிருக்க மாட்டானா? நாமதான் சும்மா பேஜாரு பண்ணிக்கினு இருந்தோம்," என்றார். அம்மாவும் ஒப்புக்கொண்டார். காது விஷயம் மட்டும் அவருக்கு ஆறவில்லை.

அத்தை கை கழுவிவிட்டு வந்து என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"நல்லா பாத்தியா? நான் எங்கயுமே இல்லியா?"

"இல்ல அத்தை."

அத்தையின் கண் நிறைந்துவிட்டது. ஊரில் ஒருத்தர் விடாமல் கோணலைக் கண்டுபிடித்துப் போட்டவர் அத்தையை மட்டும் ஒதுக்கிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. "அழாத அத்தை. அடுத்த புக்குல உன்னயும் போடச் சொல்றேன்," என்றேன்.

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லிடாதடி!" என்று அத்தை என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தார். அத்தனை நாள் வேவு பார்த்த எனக்கு, அழுகிறவர் எதற்காகச் சிரிக்கிறார் என்பது மட்டும் விளங்கவில்லை.