செருப்பு வெளியே, போன் உள்ளே

வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் போனையும் வாங்கி, சத்தத்தை அணைத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் உமைமா. "செருப்பு வெளிய, போன் உள்ள. ஜாஸ்தி வேணாம், 'ம்'னு சத்தம் வந்தாலே அவுட்டு. சைக்கிள் ஸ்டாண்டுல போய் உக்காந்துக்கணும். யாரா இருந்தாலும்."

பேரணாம்பட்டில் எங்கள் நூலகத்தில் உதவிக்கு இருக்கிற பெண் அவள். நடப்பதே ஓட்டம்தான். புத்தகம் அடுக்கும்போது ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தட்டு தட்டுவாள், பள்ளிக்கு அனுப்புகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. அங்கே கூட்டிப் பெருக்குகிற என்னிடம், "இன்னாக்கா, சாப்ட்டியா?" என்று கேட்காமல் தன் டிபன் பாக்ஸைத் திறக்கமாட்டாள்.

போட்டி அவள் யோசனை. 'ஒரு பூட்டு', 'அழுகிற முகம்' என்று வாட்சப்பில் குறிப்பு அனுப்புவாள். பிள்ளைகள் ஜோடி ஜோடியாக அலமாரிப் புத்தகங்களில் தேடி, அந்தப் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பவேண்டும். ஜெயித்தவர்கள்தான் அடுத்த போட்டிக்குக் குறிப்பு எழுதுவார்கள். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய ஆசை.

முதலில் ஞாயிற்றுக்கிழமை வைத்தாள். ஈ காக்கைகூட வரவில்லை. பேஜாராகிப்போனாள். மறுநாள் வந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இதுங்களுக்கு ஏதுக்கா சொந்த போனு? எல்லாம் அம்மாவோடது. ஞாயித்துக்கெழம அம்மா வீட்ல இருக்கும். சனிக்கெழம ஷூ கம்பெனிக்குப் போய்டும். அங்க போனு உள்ள விடமாட்டான், வீட்லயே கெடக்கும்."

சனிக்கிழமைக்கு மாற்றினாள். வாசலில் செருப்பு குவிந்துவிட்டது.

நூலகர் தானியேல் சார் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "ரஷீத் பாய்க்கு சத்தம் ஆகாதும்மா. அவர் ஒரு புகார் குடுத்தாலும் போட்டிய நிறுத்திடுவேன்." ரஷீத் அஹமது பாய் தோல் மண்டி வைத்திருந்தவர். தினமும் ஜன்னலோரம் பேப்பர் படிப்பார். மின்விசிறி முனகினாலே அதை முறைத்துப் பார்ப்பார்.

வெறுங்கால்கள் ஓடின. ஒரு குரல் இல்லை. படம் கிடைத்த ஒருத்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். தும்மிய ஒருத்தனும், அவனைப் பார்த்துச் சிரித்த ஒருத்தனும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனார்கள். உமைமாவின் போன் மின்னிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் அவளும் நுனிக்காலில் எம்பினாள்.

கடைசிக் குறிப்பு, 'வெள்ளைத் தாடி'. படப் புத்தகத்தில் தேடுவார்கள் என்றுதான் அனுப்பினாள். சஹர், தமிழினி என்று ஒரு ஜோடிப் பிள்ளைகள் அலமாரிப் பக்கமே திரும்பவில்லை. நேரே ஜன்னலுக்குப் போய், பாயின் எதிரே முட்டி போட்டு, போனை நீட்டினார்கள்.

பேப்பர் மெதுவாக இறங்கியது. எம்பிய நுனிக்காலிலேயே நின்றுவிட்டாள் உமைமா. 'ஆண்டவரே, இந்தப் பெண்ணைக் கைவிடாதேயும்' என்று நான் துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பாய் பிள்ளைகளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்து, தாடியை மேலிருந்து கீழே நிதானமாகச் சீவினார். தொப்பியைச் சரிசெய்தார். 'இப்போ எடு' என்று கண்ணைக் காட்டினார்.

உமைமா துப்பட்டாவை வாயில் அடைத்துப் பார்த்தாள். முடியவில்லை. சிரிப்பு வெடித்துக் கூடம் முழுக்கச் சிதறியது.

பாய் சீப்பு பிடித்த கையை உயர்த்தி வாசலைக் காட்டினார்.

உமைமா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள். சைக்கிள் ஸ்டாண்டில் அந்த இரண்டு பையன்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் வாய்மேல் தானே விரலை வைத்துக்கொண்டாள்.