எலுமிச்சை பன் சுட்ட அம்மாள்

வேலை தேடி மலாயாவில் குளுவாங் பக்கம் அலைந்தபோது, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவும் ஓர் அம்மாள் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் இருந்த தம் லயத்து வீட்டில் எனக்கு இடம் கொடுத்தார். ஒல்லியான உடம்பு, கையெல்லாம் பால்கறை. ஞாயிறுதோறும் மாவைக் கள் ஊற்றிப் பொங்கவைத்து, சீனியும் எலுமிச்சைத் தோலும் தூவி, பாய்போல் சுருட்டி நறுக்குவார். மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் அடுக்கி, மேலும் கீழும் தணல் போட்டுச் சுடுவார். வெந்துவிட்டதா என்று பன்னைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பார்.

ஒரு நாள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாச் சமையல்காரர் ஓடிவந்தார். "அக்கா, விருந்தாளிங்க வந்திருக்காங்க. துரைசாணி பன் கேக்குறாங்க. ஒரு தட்டு குடுங்க."

"போன வாரம் கொண்டுபோனத யாரு சுட்டதுன்னு சொன்னீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "நான்தான்னு..."

"அப்ப நீங்களே சுடுங்க."

"வேல போயிரும்க்கா."

"போகாது. சுட்டது நான், என்னக் கண்டுபிடிச்சது நீங்கன்னு சொல்றேன். மழ தூறுது, குடையப் பிடிங்க."

பங்களாவில் கூலிகளுக்குப் பின்வாசல்தான். அம்மாள் தட்டைத் தலையில் ஏற்றி முன்படியில் ஏறினார். வெள்ளைச் சட்டைச் சமையல்காரர் குடை பிடித்தபடி பின்னால் போனார். துரைசாணி அம்மாள் கையிலிருந்தே தட்டை வாங்கிக்கொண்டார். பல ஊர்களில் பலர் கையால் சாப்பிட்டவன் நான். அந்த லயத்து வீட்டில் சாப்பிட்டதை மட்டும் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.