யுவராணி எடைபோட்ட குண்டுகள்

மின்விசிறியை நிறுத்துகிறார் யுவராணி. ஜன்னலைச் சாத்துகிறார். புருவம் திருத்தும் ட்வீசரால் மிளகளவு ஈயக் குண்டு ஒன்றை எடுத்து, நகைக்கடைத் தராசில் வைக்கிறார். எண்கள் நிற்கும்வரை மூச்சு விடுவதில்லை. தெருவில் லாரி போனால் எண் ஆடும். லாரிக்காரனுக்கு ஒரு வசவு, பிறகு மறுபடியும் முதலிலிருந்து. வாசலில் நிற்கும் எனக்கும் ஒன்று உண்டு. "இன்னா சார், கதவாண்ட நின்னுகினு காத்த உட்டுகினு கீற? உள்ள வா, இல்ல வெளிய போ."

மேனாம்பேட்டில் உள்ள எங்கள் ஏர் ரைஃபிள் கிளப்பைக் கூட்டிப் பெருக்குவதும், சுட்ட குறி அட்டைகளை மாற்றுவதும் யுவராணியின் வேலை. குத்தம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். வயது நாற்பது. ஒருநாளும் துப்பாக்கியைத் தூக்கியதில்லை. ஆனால் எந்தத் துப்பாக்கிக்கு எந்தக் குண்டு ஒத்துப்போகும் என்பது எங்களைவிட அவருக்குத்தான் தெரியும். ஒரே டப்பாவில் வந்த குண்டுகளிலும் எடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அந்தக் கொஞ்சமே பத்து மீட்டருக்கு அப்பால் குறியைத் தள்ளிவிடும்.

ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து வரும் பானுப்பிரியா, கிளப்பின் பழைய துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுடுபவர். தகுதிப் போட்டியில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று அறுபது புள்ளி எடுக்காவிட்டால் அந்தத் துப்பாக்கி வரிசையில் நிற்கும் அடுத்தவருக்குப் போய்விடும். எவ்வளவு நிதானமாகச் சுட்டாலும் ஓட்டைகள் சிதறின. ஒருநாள் கைமறதியாக, பிஸ்டலுக்கான லேசான குண்டுகளைப் போட்டு ஐந்து முறை சுட்டுவிட்டார். அட்டையில் ஒரே ஓட்டை. "நாலு குண்டு அட்டையிலயே படலையேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டார் கோச் பக்தவத்சலம்.

யுவராணி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்கியும் போவல சார். அஞ்சும் ஒரே ஓட்டைல பூந்துகீது."

"அது பிஸ்டல் குண்டு. ரைஃபிளுக்குப் போட்டா ஊரே சிரிக்கும்."

"பழைய துப்பாக்கி சார், தம்மு கம்மி. கனமா குடுத்தா மூச்சு வாங்குது. லேசா குடுத்துப் பாரு, எப்டி போவுதுன்னு."

கொடுத்துப் பார்த்தார்கள். நேராகப் போயிற்று. பதினைந்து வருடமாகச் சுடுகிறேன், என் கண்ணில் அது படவில்லையே!

போட்டிக்கு முந்தின நாள் ஒரு பாவம் செய்தேன். பானுப்பிரியாவுக்காக அவர் தேர்ந்தெடுத்த தொண்ணூறு குண்டுகளும் இருந்த தட்டை என் முழங்கை தட்டிவிட்டது. குண்டுகள் தரையெல்லாம் உருண்டன. பொறுக்கக் குனிந்தேன்.

"உட்டுரு சார். வுழுந்தது நசுங்கிகீதா இல்லியானு நமக்குத் தெரியாது. துப்பாக்கிக்குத் தெரியும்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த ரகக் குண்டு கடையிலும் இல்லை. அவர் டப்பாவில் எஞ்சியதைக் கவிழ்த்து, முன்பே கழித்தவற்றில் நல்லது ஏதும் தப்பிப் போனது உண்டா என்று ஒவ்வொன்றாக மறுபடி நிறுத்தார். நான்கு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தேறியது அறுபத்திரண்டு. போட்டிக்கு அறுபது, முன்னோட்டமாகச் சுட்டுப் பார்க்க இரண்டே இரண்டு. மற்றவர்கள் குறைந்தது இருபது சுட்டுப் பார்ப்பார்கள்.

மறுநாள் பானுப்பிரியா சுடச் சுட நான்தான் ஒவ்வொரு குண்டையும் எண்ணிக்கொண்டிருந்தேன். யுவராணி குறிப்பலகைப் பக்கமே திரும்பவில்லை. முந்தைய சுற்றில் குறி அட்டைகளுக்குப் பின்னாலுள்ள தகரப் பெட்டியில் சேர்ந்த நசுங்கிய ஈயத்தை ஒரு மூலையில் உட்கார்ந்து கையால் அள்ளிக்கொண்டிருந்தார். கடைசிக் குண்டும் போனது. ஐந்நூற்று அறுபத்து மூன்று என்று அறிவித்தார்கள். பானுப்பிரியா அழுதபடி ஓடிவந்து அவரைக் கட்டிக்கொள்ளப் போனார்.

யுவராணி சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "கிட்ட வராத, கையெல்லாம் ஈயம், வெசம்."

குழாயடிக்குப் போனார். முழங்கைவரை சோப்புப் போட்டு, நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவி, முந்தானையில் ஈரம் போகத் துடைத்தார். திரும்பி வந்து பானுப்பிரியாவின் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார்.