‘உடுப்பா’

என் வீட்டு வாசற்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கட்டையை அண்டைகொடுத்து வைத்திருக்கிறேன். முழ நீளம் இருக்கும். எண்ணெய் குடித்துக் கறுத்த மரம். அதன் ஒரு முகத்தில், விரல் புதையும் ஆழத்துக்கு ஒரு பள்ளம். சரக்கு ரயிலின் வேகன் ஒன்று உட்கார்ந்த இடம் அது. பட்டு நெய்கிற தெருவில், ஊருக்குள் ரயிலே வராத ஆரணியில், இதற்கு என்ன வேலை என்று தம்பி மகன் கேலி செய்வான். கதவுக்குத்தான் என்று சொல்லி மழுப்பிவிடுவேன். உண்மையில், போகும்போதும் வரும்போதும் என் கண்ணில் பட வேண்டும் என்றுதான் அதை அங்கே போட்டிருக்கிறேன்.

நெசவுக் குடும்பத்தில் பிறந்த நான் வேகன் பழுதுபார்க்கும் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே நம் பக்கத்துப் பேச்சுப் பேசியவர் ஒருவர்தான் இருந்தார். வெம்பாக்கம் பக்கம் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பம். முதல் நாளே அவர் எனக்குத் தோஸ்து, நான் அவருக்குத் தோஸ்து. அவர் வேகனுக்கு அடியில், நான் ஜாக்கியில் என்று எங்கள் ஜோடி அமைந்துவிட்டது. அடியில் எதை மாற்றுவதென்றாலும் வேகனின் ஒரு முனையை எண்ணெய் ஜாக்கியால் தூக்க வேண்டும். அதற்கு முன் மறுமுனைச் சக்கரங்களுக்கு ஆப்பு வைக்க வேண்டும். தூக்கியதும் குதிரை என்று நாங்கள் சொல்லும் இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, பாரத்தை அவற்றின்மேல் இறக்கிய பிறகுதான் உள்ளே கை போக வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கல்ல. இறக்கும் உத்தரவை ஒருவர்தான் கொடுக்க வேண்டும், அதுவும் ‘டவுன்’ என்ற ஒரே சொல்லில். இதெல்லாம் எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் மேஸ்திரி அந்தப் பக்கம் நகர்ந்ததும் ‘டவுன்’ எங்களுக்கு ஆபீஸ் பேச்சாகிவிடும். நாங்கள் ‘உடுப்பா’ என்போம். நம் பக்கத்தில் அதற்குக் கையில் இருப்பதை இறக்கு என்றும் பொருள், போனால் போகட்டும் என்றும் பொருள். இது எங்கள் இருவர் மண்டையிலும் உறைக்கவே இல்லை.

அன்றைக்கு ஒரு தேய்ந்த தகட்டை மாற்ற வேண்டியிருந்தது. குதிரையை இழுத்துவர அவர் கிளம்பியபோது, “அஞ்சு நிமிஷ வேலைக்குக் குதிரை எதுக்குபா, ஜல்தியா முடி” என்று தடுத்தவன் நான்தான். அவர் எதிர்த்துப் பேசவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு கட்டையைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து, இடைவெளியில் செருகிவிட்டுக் கையை உள்ளே விட்டார். அடுத்த லைனில் சம்மட்டிச் சத்தம் காதைப் பிளந்தது. அங்கிருந்த ஆள் ஒருவர், தோஸ்துவின் துண்டு ஆயிலில் கிடப்பதைச் சொல்லியிருக்கிறார். “உடுப்பா, அப்பால எடுத்துக்கலாம்” என்று இவர் அவருக்குப் பதில் சொல்லியிருக்கிறார். என் காதில் முதல் சொல் மட்டும்தான் விழுந்தது. நான் ஜாக்கியை இறக்கும் வால்வைத் திறந்துவிட்டேன்.

வேகன் கட்டையின்மேல் உட்கார்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த பக்கத்தில் அவர் கை இருந்தது. கட்டை மட்டும் இல்லையென்றால் தோள் வரைக்கும் போயிருக்கும் என்றார்கள். வலது கையில் இரண்டு விரல்களோடு போயிற்று. விசாரணையில் ஜாக்கி லீக் ஆகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பாவமும் அறியாத ஜாக்கிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துப் பழைய இரும்பில் போட்டார்கள். குதிரை வைக்காததற்குச் சாட்சியாகக் கிடந்த கட்டையைப் பையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவரை டிப்போ கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். தினமும் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் உள்ளே போனேன், ஓய்வு பெறும் வரைக்கும். டீ வாங்கிக் கொடுத்தேன், பண்டிகைக்கு வீட்டுக்கு அழைத்தேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. நான் கோழை. இதைவிட நாகரிகமான சொல் கிடைக்கவில்லை.

போன மாதம் தோஸ்து தன் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஆரணிக்கு வந்தார். தம்பி மகனிடம் சொல்லிப் பத்துப் புடவைகளை வீட்டுக்கே வரவழைத்து விரித்தேன். அரக்கு நிறப் புடவை ஒன்றை வலது கையால் தடவிப் பார்த்தார். விரல் போன இடத்தின் சொரசொரப்பில் பட்டு இழை சிக்கிக்கொண்டது. இழை அறுந்துவிடாமல் பொறுமையாக விடுவித்துவிட்டு, இடது கையால் தடவ ஆரம்பித்தார். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“அன்னிக்கு ஜாக்கி லீக் ஆவல தோஸ்து. நான்தான்...”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “லீக் ஆகி எறங்குச்சா, வால்வு தொறந்து எறங்குச்சான்னு அடியில இருந்தவனுக்குத் தெரியாதா? அன்னிக்கே தெரியும்.”

“அப்புறம் ஏன்பா நீ யார்கிட்டயும் சொல்லல?”

“சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்கும். என் வெரலு வந்திருக்குமா?” புடவையை மடித்து வைத்தார். “நீயே வந்து சொல்லுவேன்னு கேட்டாண்ட உக்காந்து பாத்துகினே இருந்தேன். தெனம் வந்த, டீ வாங்கிக் குடுத்த. அத்த மட்டும் சொல்லல.”

கிளம்பும்போது வாசலில் கட்டையைப் பார்த்து நின்றார். குனிந்து, மிச்சமிருந்த விரல்களால் அந்தப் பள்ளத்தைத் தொட்டார். “இத்த இன்னும் வெச்சிகினு இருக்கியா? உடுப்பா” என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டார்.

அந்தச் சொல்லை இந்த முறை சம்மட்டிச் சத்தம் இல்லாமல், பக்கத்தில் நின்று கேட்டேன். எந்தப் பொருளில் சொன்னார் என்பதிலும் சந்தேகமில்லை. அவர் தெருமுனை திரும்பியதும், கட்டையைக் குப்பையில் போட்டுவிடலாம் என்று கையில் எடுத்தேன். விடத்தான் முடியவில்லை.