துப்பாதீர்

திருச்சியில் என் மகள் கூட்டிப்போன ஓட்டலில், பழைய ரயில்வே ஸ்டேஷன் பலகை ஒன்றை அழகுக்காக மாட்டியிருந்தார்கள். நீல எனாமலில் வெள்ளை எழுத்து: ‘துப்பாதீர்’. சோற்றை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பதுகளில் அரியலூர் ஸ்டேஷனில் இதே மாதிரி ஒன்று இருந்தது. அப்பா வரும் ரயிலுக்காக நானும் அம்மாவும் அதனடியில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் யாரோ துப்பிய வெற்றிலை எச்சில் கிடந்தது. டிக்கெட் கலெக்டர் அதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்தார்.

“தொடைடி. உன் முந்தானையால தொடை.”

“நான் வெத்தலையே போடுறதில்லீங்க.”

“தொடைக்கிறியா, போலீசக் கூப்பிடவா?”

எல்லோரும் பார்க்க அம்மா துடைத்தாள். துணிக்கு ரேஷன் இருந்த காலத்தில், வீட்டுக்கு வந்து அந்தச் சேலையை அடுப்பில் திணித்தாள். அழவில்லை. ஸ்டேஷனைப் பார்வையிடப் பெரிய துரை எப்போது வருவார் என்று மட்டும் மறுநாள் போய்ப் போர்ட்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டாள்.

துரை வந்த அன்றைக்கு அம்மா வாய் நிறைய வெற்றிலையும் புகையிலையுமாக நின்றாள். துரையின் பெட்டி வந்து நின்றதும், பலகை முழுக்க வழியும்படி துப்பிவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள். சிவந்து வழிந்த எழுத்துகளைப் பார்த்துத் துரை கத்தினார். கைக்குத் துணி அகப்படாமல், டிக்கெட் கலெக்டர் தன் வெள்ளைக் கோட்டின் கையாலேயே தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். திரும்பியவர் அம்மாவின் வாயைப் பார்த்துவிட்டார். அம்மா சிரித்தாள்.

மாட்டுவண்டியில் திரும்பும்போது புகையிலை மயக்கத்தில் வாந்தி எடுத்தாள். “வயித்தெரிச்சல் அடங்கிடுச்சுடி” என்றாள்.

“என்னம்மா, சாப்பிடலையா?” என்று மகள் கேட்டாள்.

“இரு” என்றேன். அந்த ஆள் துடைப்பதை நான் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டியிருந்தது.